வந்த காரணம்: சும்மா

நங்கநல்லூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மொத்தம் 24 வீடுகள். அந்த 24 வீடுகளின் எல்லைப் பாதுகாப்பை மூன்று வருடம் கையில் வைத்திருந்தவன் நான். வெளியில் சொல்லிக்கொள்ளும் பெயர் சங்கச் செயலாளர். என்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பொதுக்குழுவுக்குக் கால் மணி நேரம் தாமதமாகப் போனேன். நான் போவதற்குள் ஆகிவிட்டிருந்தேன்.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். நான் குடை பிடிக்கவில்லை, கேட்டில் பதிவேடு வைத்தேன். பெயர், செல்பேசி எண், வண்டி எண், எந்த வீடு, வந்த நேரம், போகும் நேரம், வந்த காரணம் என்று ஏழு கட்டங்கள். எல்லாவற்றையும் நிரப்பினால்தான் கேட் திறக்கும். பால்காரர், கேபிள்காரர், கீரைக்கார அம்மாள் யாருக்கும் விலக்கு கிடையாது. கீரைக்கார அம்மாள் தினமும் காரணக் கட்டத்தில் "கீரை" என்று எழுதினார். நாலு மாதம் கழித்து அதைப் புரட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்த ஒரே மனிதன் இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். பிறகு செல்பேசிச் செயலி ஒன்றும் வந்தது. விருந்தாளி வந்தால் வீட்டுக்காரரின் செல்பேசிக்கு ஓடிபி போகும். அவர் சொன்னால்தான் உள்ளே.

இந்த ஏற்பாட்டில் முதலில் சிக்கியவன் என் மச்சினன் கணேசன். கும்பகோணத்திலிருந்து ஒரு சீப்புப் பூவன் பழமும் அரைக் கிலோ காபித்தூளுமாக மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து இறங்கினான். ஆறு கட்டத்தை நிரப்பிவிட்டான். ஏழாவதில் "சும்மா" என்று எழுதினான். காவலாளி ஒடிசாக்காரர், பொறுப்பானவர். "சும்மா" என்பது என்ன வேலை என்று அவருக்குத் தெரியவில்லை. பிழைப்புக்காக ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தவர் நிற்கிறார் கேட்டுக்கு உள்பக்கம். அக்கா வீட்டுக்கு வந்தவன் நிற்கிறான் வெளிப்பக்கம். ஓடிபி என் செல்பேசிக்கு வந்தது. எல்லைப் பாதுகாப்பு அதிகாரி சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கணேசன் 25 நிமிடம் வெயிலில் நின்றான்.

"அக்கா வீட்டுக்கு வர்றதுக்குக் காரணம் வேணும்னா, இனிமே காரணம் கிடைச்ச அப்புறமே வர்றேன் அத்தான்" என்றான். என் மனைவி சிவகாமி ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் டிகாக்‌ஷன் இறங்கவில்லை. உலக நாடுகள் இதைப் பொருளாதாரத் தடை என்கின்றன. நான் அதற்குப் பணிந்தேனா? பதிவேட்டின் உள் அட்டையில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதினேன்: "காரணக் கட்டத்தில் 'சும்மா' செல்லாது. இப்படிக்கு, செயலாளர்."

இந்த நிலையில்தான் போன வருடம் சிகாகோ பக்கத்தில் நேப்பர்வில்லில் இருக்கும் எங்கள் பெண் கூப்பிட்டாள்.

அமெரிக்க விசா விண்ணப்பம் கேட்கும் கேள்விகளோடு பார்த்தால் என் ஏழு கட்டம் குழந்தை விளையாட்டு. பள்ளி, வேலை, அப்பா பெயர், அம்மா பெயர், இதற்கு முன் போன நாடுகள், 2019 முதல் கூடுதலாக ஐந்து வருடத்துச் சமூக ஊடகக் கணக்குகள். இந்தக் கடைசிக் கேள்வியைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. முகநூலில் நான் சும்மா இருந்தவன் இல்லை. உலகத்தில் எந்த எல்லையைப் பற்றியும் எனக்கு ஒரு கருத்து உண்டு. அதைக் காலை ஆறு மணிக்கே போட்டுவிடுவேன். குடியேற்றத்தை இறுக்கிப் பிடிக்காத அரசாங்கங்களைக் கண்டித்திருக்கிறேன். அடுத்த வாரமே, விசா கெடுபிடி செய்யும் வல்லரசுகளை வெளுத்து வாங்கியிருக்கிறேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஐந்து வருடப் பதிவுகளைப் படித்தேன். பாதிக்கு மேல் காலை வணக்கம். இறந்துபோன இரண்டு பேருக்குப் பிறந்தநாள் வாழ்த்து வேறு. ஒரு பதிவுக்கு மூன்று பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். அதில் ஒருவன் நான்.

"பயப்படாதீங்க. நீங்க எழுதறதை இதுவரைக்கும் யாரு படிச்சிருக்கா?" என்றாள் சிவகாமி. ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கென்னவோ, முதல் முறையாக ஒரு வல்லரசு என் எழுத்தைப் படிக்கப்போகிறது என்ற நினைப்பில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நேர்காணலுக்கு அண்ணா மேம்பாலத்தடியில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போனோம். கையில் நாலு கிலோ கோப்பு. வீட்டுப் பத்திரம், வில்லங்கச் சான்று, பென்ஷன் உத்தரவு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு உண்டு. சுற்றிப் பார்க்க விசா கேட்டு வருகிற ஒவ்வொருவனும் அங்கேயே தங்கிவிடத்தான் வருகிறான் என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டுவது கேட்பவன் பொறுப்பு. மருமகனைச் சந்தேகிக்கும் மாமியார் எழுதிய சட்டம் மாதிரி இருக்கிறதே என்றேன். "உங்களைப் போயா? பழைய நாற்காலியை மாத்தினப்போ மூணு நாள் தூங்கலை நீங்க. திரும்பி வரமாட்டார்னு யாராவது சொன்னா எனக்குத்தான் சந்தோஷம்" என்றாள் சிவகாமி.

அதிகாரி மூன்று கேள்வி கேட்டார். யார் இருக்கிறார்கள், எத்தனை நாள், இங்கே என்ன செய்தீர்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. நாலு கிலோ கோப்பை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வில்லங்கச் சான்றையாவது பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சிவகாமி என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள்.

நம் ஊரில் பி.என்.ஆர். என்றால் வெயிட்டிங் லிஸ்ட் நகர்ந்ததா என்று பார்க்கும் பத்து இலக்க ரயில் எண். விமானத்திலும் ஒரு பி.என்.ஆர். உண்டு, ஆறே எழுத்து. அதற்குள் ஒரு குடும்பமே குடியிருக்கிறது என்பதை மாப்பிள்ளை வீடியோ அழைப்பில் விளக்கினார். பெயர், விலாசம், பணம் கட்டிய விதம், கூட வருகிறவர் பெயர், இருக்கை, பெட்டி, சாப்பாட்டுக் குறிப்பு, சக்கர நாற்காலிக் கோரிக்கை எல்லாம் அதில் இருக்கும். அதோடு முன்பதிவில் நாம் செய்த ஒவ்வொரு மாற்றமும் பதிவாகும். இந்தக் கடைசி விஷயம்தான் என்னை உறுத்தியது. முதலில் போட்ட தேதி அஷ்டமி என்று மாற்றினோம். மாற்றிய தேதி நவமி என்று மறுபடி மாற்றினோம். ஜன்னல் இருக்கையைச் சிவகாமிக்காக நடைபாதைப் பக்கம் மாற்றி, அவள் முழங்காலை யாரோ இடிப்பார்கள் என்று திரும்ப ஜன்னலுக்கே கொண்டுபோனோம். எங்கோ ஒரு கணினி முன்னால் ஒருவர் உட்கார்ந்து, இந்த ஆள் ஏன் இப்படி ஓடி ஒளிகிறான் என்று யோசிப்பது போல் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அவருக்குப் பஞ்சாங்கம் அனுப்பிவைக்க வழியில்லை.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் இதை விவாதத்துக்கு வைத்தேன். எங்கள் மொட்டை மாடியில் ஐ.நா.வில் பேசாததெல்லாம் பேசுவோம், ஐ.நா. அளவுக்கே பலனும் இருக்கும். இரண்டாம் மாடி வக்கீல் பெண்தான் கதையை முழுசாகச் சொன்னாள். 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்த இரண்டே மாதத்தில் அமெரிக்கா சட்டம் போட்டுவிட்டது: எங்கள் நாட்டுக்கு வரும் விமானங்கள் பயணிகளின் பதிவைத் தந்தாக வேண்டும். ஐரோப்பிய விமான நிறுவனங்கள் திண்டாடின. கொடுத்தால் சொந்த ஊரில் தகவல் பாதுகாப்புச் சட்டம் கழுத்தைப் பிடிக்கும். கொடுக்காவிட்டால் அமெரிக்காவில் அபராதம். 2004-இல் 34 வகைத் தகவலைக் கொடுக்க ஒப்பந்தம் ஆனது. 2006 மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தரங்கத்துக்காக அல்ல, தவறான சட்டப் பிரிவில் போட்டார்கள் என்பதற்காக. மனு தப்பான மேஜைக்குப் போனால் நம் தாலுகா ஆபீஸில் நடப்பதுதான். 2007-இல் 34 வகை 19 ஆனது. குறைத்துவிட்டோம் என்று அறிக்கை விட்டார்கள். இரண்டு மூன்று வகைகளை ஒரே தலைப்பில் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஊருக்குப் போகும்போது சிவகாமி ஏழு பையை இரண்டு பையாகக் குறைப்பது இந்த முறையில்தான். தூக்குகிறவனுக்கு எடை தெரியும்.

2012-இல் இன்னொரு ஒப்பந்தம். ஆறு மாதம் கழித்துப் பெயரை மறைத்துவிட வேண்டும், ஐந்து வருடம் கைக்கெட்டும் இடத்தில், அப்புறம் பத்து வருடம் பரணில் என்று மொத்தம் 15 வருடம் வைத்திருக்கலாம். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இதை ஆராய்ந்த உறுப்பினர் சோஃபி இன்ட் வெல்ட், நிராகரியுங்கள் என்று பரிந்துரைத்தார். சபை 409-க்கு 226 என்று ஒப்புக்கொண்டது. ஆராய்ந்தவர் பேச்சைக் கேட்காத சபை எங்கள் பொதுக்குழு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

இத்தனை ஆட்சேபம் சொன்ன ஐரோப்பா, 2016-இல் தானும் அதே மாதிரி ஒரு சட்டத்தைப் போட்டுக்கொண்டது. பக்கத்து வீட்டார் சுவர் மேல் எட்டிப் பார்க்கிறார்கள் என்று சண்டை போட்டுவிட்டு, நாமும் ஒரு முக்காலி வாங்கிப் போட்டுக்கொள்வது மாதிரி. 2017 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவையே எல்லா நாடுகளும் இந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 2022 ஆகஸ்டில் நம் சுங்கத் துறையும் விதி கொண்டுவந்தது. விமானம் கிளம்ப 24 மணி நேரம் முன்னால் பயணிகளின் பதிவு அவர்களுக்குப் போக வேண்டும். ஐந்து வருடம் இருக்கும்.

"இருந்துட்டுப் போகட்டுமே! ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லாதவனுக்கு என்ன பயம்?" என்றார் ரயில்வேயில் ஓய்வுபெற்ற மூன்றாம் மாடிக்காரர். பதிவேடு வைத்த பாவத்துக்கு நானும் அவர் கட்சியில் சேர்ந்து, அதையே கொஞ்சம் உரக்கச் சொன்னேன். வடாம் எடுக்க வந்த சிவகாமி காதில் விழுந்துவிட்டது. "அப்படின்னா உங்க அலமாரி சாவியைக் குடுங்க" என்றாள்.

நான் உடனே வக்கீல் பெண் கட்சிக்கு மாறினேன். அந்தரங்கம் மனிதனின் அடிப்படை உரிமை என்று நான் அன்று பேசிய பேச்சு எங்கள் மாடியில் இன்னும் நினைவுகூரப்படுகிறது. அலமாரியில் மிக்ஸர் பாக்கெட் இருந்தது.

அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது: ரத்தப் பரிசோதனைச் சீட்டு. சர்க்கரை ஏறியிருந்தது. சிவகாமிக்குத் தெரிந்தால் வாழ்நாள் முழுக்கக் கேழ்வரகுதான் என்று பயந்து, பெண்ணுக்கு மட்டும் ரகசியமாக அனுப்பியிருந்தேன்.

விமானம் கிளம்பி ஒரு மணி நேரத்தில் சாப்பாடு வந்தது. விமானத்தில் தனியாகச் சொல்லிவைத்த சாப்பாடு முதலில் வரும், பேர் சொல்லிக் கேட்டுக் கொடுப்பார்கள். சிவகாமிக்குச் சைவச் சாப்பாடு. அதன் குறியீடு ஏவிஎம்எல். வடபழனி ஸ்டுடியோவிலிருந்து வந்தது மாதிரி இருக்கிறதே என்று சிரித்தோம். பணிப்பெண் அடுத்து என் பக்கம் குனிந்தாள். "மிஸ்டர் வைத்தியலிங்கம்? டயபட்டிக் மீல்?" வைத்தியலிங்கம் என் அப்பா. பாஸ்போர்ட்டில் இனிஷியலைப் பிரித்து எழுதிய நாள்முதல் விமானத்தில் போவதெல்லாம் அவர்தான். சிவகாமியின் மாமனாருக்குச் சர்க்கரையே கிடையாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு காரியத்துக்காகக் கொடுத்த தகவல் இன்னொரு காரியத்துக்குப் போய்ச் சேரும், மூன்றாவது கைக்கு மாறும் என்று ஐரோப்பாவில் பத்து வருடம் தொண்டை கிழியக் கத்தினார்களே, அது இதைத்தான். நான் பெண்ணுக்குச் சொன்னேன்; பெண் முன்பதிவில் போட்டாள்; முன்பதிவு விமானத்துக்குப் போனது; விமானம் என் மனைவியிடம் சேர்த்தது. அமெரிக்காவுக்கு எப்போது தெரிந்ததோ, அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அவர்கள் 15 வருடத்தில் மறந்துவிடுவார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் 2022-இல் இன்னும் கறாராகச் சொல்லியிருக்கிறது: சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லாத பயணியின் தகவலை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சிவகாமியிடம் 1987 தீபாவளிப் புடவை விவகாரம், தேதியும் கடைப் பேரும் விலையும் அழியாமல் இருக்கிறது. பெயர் மறைப்பெல்லாம் அங்கே கிடையாது.

அபுதாபியில் இறங்கினோம். அமெரிக்கா அங்கேயே வந்துவிட்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2014 முதல் அமெரிக்க எல்லைச் சோதனையை அந்த விமான நிலையத்திலேயே முடித்துவிடுகிறார்கள். பாலைவனத்தில் நின்று அமெரிக்க அதிகாரியிடம் பத்து விரல் ரேகையும் கொடுத்துவிட்டு, சிகாகோவில் உள்ளூர்க்காரன் மாதிரி வெளியே நடந்துவிடலாம். சம்பந்தி வீட்டார் கல்யாண மண்டபத்துக்கு வராமல் தெருமுனையிலேயே நின்று வரிசைத் தட்டைச் சரிபார்ப்பது மாதிரியான ஏற்பாடு.

"வந்த காரணம் என்ன?" என்றார் அதிகாரி, ஆங்கிலத்தில், மரியாதையாக.

என் வாயில் முதலில் வந்தது "சும்மா". விழுங்கிவிட்டேன். விழுங்கிய இடத்தை நிரப்ப, குடும்ப உறவுகள், கலாசாரப் பரிமாற்றம், நயாகரா நீர்வீழ்ச்சி என்று நாலு நிமிடம் பேசினேன். பேசப் பேச அவர் புருவம் ஏறியது. எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. சிவகாமி என்னை விலக்கிவிட்டு "டாட்டர்" என்றாள். புருவம் இறங்கியது.

"உணவுப் பொருள் ஏதாவது?"

"நோ" என்றேன் நான்.

"எஸ்" என்றாள் சிவகாமி. கைப்பையைத் திறந்தாள். ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலை, ஒரு கட்டு.

பச்சைக் கறிவேப்பிலை அமெரிக்காவுக்குள் போகக் கூடாது. ஆரஞ்சுப் பழங்களைப் பச்சையாகவே வெம்ப வைக்கும் ஒரு நோயைப் பரப்பும் குட்டிப்பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்கும். 2005-இல் ஃபுளோரிடாவில் அந்த நோய் தென்பட்டு, அங்கே ஆரஞ்சு விவசாயமே நொடித்துப்போயிற்று. ஆகவே அன்றைக்கு அமெரிக்காவுக்கு உண்மையான ஆபத்து ஒன்று வந்தது என்றால் அதைக் கொண்டுவந்தவர்கள் நாங்கள்தான். அந்த 19 வகைத் தகவலில் ஒரு இடத்திலும் அது இல்லை. அஷ்டமி இருந்தது, சர்க்கரை இருந்தது, என் அப்பா பெயர் இருந்தது, கறிவேப்பிலை இல்லை. எதிரே நின்று ஒரு மனிதர் கேட்டார், ஒரு மனுஷி உண்மையைச் சொன்னாள், பிடிபட்டது. சொல்லாமல் மாட்டியிருந்தால் முதல் தடவைக்கு 300 டாலர் அபராதம். சொன்னதால் கட்டு மட்டும் குப்பைக்குப் போனது. "பூச்சி இருந்தா அலம்பாமலா வெச்சிருப்பேன்?" என்று அவள் தமிழில் கேட்டதை அதிகாரி நன்றியாக எடுத்துக்கொண்டார்.

நமக்கு நடந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. செனட்டர் எட்வர்ட் கென்னடியையே, கண்காணிப்புப் பட்டியலில் இருந்த ஏதோ ஒரு பெயரைப் போல இருக்கிறது என்று 2004-இல் திரும்பத் திரும்ப விமான நிலையத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். நம் அப்துல் கலாம் 2011-இல் நியூயார்க்கில் விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, அவர் கோட்டையும் காலணியையும் வாங்கிக்கொண்டுபோய்ச் சோதித்தார்கள். பிறகு அமெரிக்கா வருத்தம் தெரிவித்தது. அவர் பேசாமல் கழற்றிக் கொடுத்தார். நான் ஒரு கேள்விக்கு நாலு நிமிடம் பேசினேன்.

நேப்பர்வில்லில் நாலு மாதம். குளிர், பேரன், பாத்திரம் கழுவும் மெஷின். குடியேற்றக் கொள்கை பற்றி மாப்பிள்ளைக்கு ஒரு நாள் புத்தி சொன்னேன். "எதுக்கும் ஒழுங்கா வரிசையில நின்னு வரணும் மாப்பிள்ளை. அதுதான் முறை." அவர் தேநீரைக் கீழே வைத்தார். "2014-ல போட்ட மனு மாமா. வரிசையிலதான் நிக்கறேன்." அமெரிக்கா வேலை அடிப்படையில் கொடுக்கும் கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்காரருக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது, 1990-இல் போட்ட கணக்கு. இந்தியாவுக்கும் ஏழு, ஒரு மாவட்டம் அளவு நாட்டுக்கும் ஏழு. பந்தியில் நூறு பேர் இருந்தாலும் இரண்டு பேர் இருந்தாலும் ஆளுக்கல்ல, ஊருக்கு ஒரு வடை. அங்கேயே பிறந்த ஆறு வயதுப் பேரன் அமெரிக்கக் குடிமகன். அவன் எங்களையெல்லாம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தாத்தா, நீ எப்போ போவ?" என்று கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்கு 214(பி) ஞாபகம் வந்தது.

திரும்பி வந்த விமானம் விடியற்காலை இறங்கியது. குடியுரிமைச் சோதனையில் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். டாக்ஸி பிடித்து வீடு வந்து சேர்ந்தபோது மணி 4.40. கேட் பூட்டியிருந்தது. ஒடிசாக்காரர் ஊருக்குப் போய்விட்டாராம்; புதிதாக ஒரு பையன், திருவண்ணாமலைப் பக்கம். என்னை அவன் பார்த்ததில்லை.

"எந்த வீடு சார்?"

சொன்னேன். செயலியில் தட்டினான். ஓடிபி வீட்டுக்காரர் செல்பேசிக்குப் போயிருக்கிறது, சொல்லுங்கள் என்றான். வீட்டுக்காரர் நான்தான். நாலு மாதமாக ரீசார்ஜ் செய்யாமல் என் சிம் கார்டு செத்துக் கிடந்தது.

"அப்ப இன்டர்காம்ல கேட்கறேன் சார்." வீட்டைப் பார்த்துக்கொள்ள உள்ளே படுத்திருந்தவன் கணேசன். நாலாவது மணிக்கு எடுத்தான். "கல்யாணசுந்தரம்னு ஒருத்தர் வந்திருக்கார் சார், விடலாமா?" தூக்கத்திலா, தெரிந்தேவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒலிபெருக்கியில் அவன் குரல் தெளிவாகக் கேட்டது: "என்ன விஷயமா வந்திருக்கார்னு கேளுங்க தம்பி."

சிவகாமி பெட்டி மேல் உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். நான் பதிவேட்டை இழுத்து ஆறு கட்டத்தை நிரப்பினேன். ஏழாவதில் "சும்மா" என்று எழுதினேன்.

பையன் எட்டிப் பார்த்தான். "இது செல்லாது சார். செயலாளர் எழுதி வெச்சிருக்கார்" என்று உள் அட்டையைத் திருப்பிக் காட்டினான். சிவப்பு மை. என் கையெழுத்துதான்.